கிஃப்ட் கார்டு விற்பனையை அனலிட்டிக்ஸில் தனியாகப் பார்க்க முடியுமா?

முடியும். ஆன்லைன் கடையின் வருகை, விற்பனையைக் கணக்கிடும் கருவிதான் கூகுள் அனலிட்டிக்ஸ் 4. பணம் கட்டி முடிந்ததும் அதற்குப் போகும் 'பர்ச்சேஸ்' நிகழ்வில், அதாவது ஒரு விற்பனை நடந்ததைச் சொல்லும் பதிவில், பொருளின் வகையாக 'கிஃப்ட் கார்டு' என்று அனுப்புங்கள்; ரிப்போர்ட்டில் தனி வரியாக வந்துவிடும். ஆர்டர் எண்ணும் கட்டாயம் போக வேண்டும். அப்போதுதான் வாங்கியவர் கடைசிப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாலும் இரண்டு விற்பனையாக ஏறாது.

பலர் கோட்டைவிடுவது அதற்கு அப்புறம்தான். 1,000 ரூபாய் கார்டை அக்கா தீபாவளிக்கு வாங்கித் தருகிறார். தம்பி பொங்கலுக்கு அதை வைத்து 1,200 ரூபாய் சட்டை எடுக்கிறார். இரண்டையும் முழுசாக அனுப்பினால் கைக்கு வந்த 1,200, கணக்கில் 2,200 ஆகிவிடும். சட்டை ஆர்டரில் கார்டுத் தொகையைக் கழித்து, மேற்கொண்டு கட்டிய 200-ஐ மட்டும் வருமானமாக அனுப்புங்கள். தயவுசெய்து இதை முதல் நாளே சரிசெய்துவிடுங்கள், ஏற்கெனவே பதிவான எண்களைப் பிறகு திருத்துவது பெரும்பாடு.