பத்து வருஷத்துக்கு முன் செய்ததைக் காட்டச் சொல்லுங்கள்

உங்கள் மகள் சூழலியல் நிலவடிவமைப்பு படிக்கப் போகிறேன் என்றதும், “தோட்டம் போடுவதற்கா இவ்வளவு படிப்பு?” என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டாராம். படிப்பைப் பற்றி யோசனை கேட்டு என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். தோட்டம் இதில் ஒரு மூலை. மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே கட்டலாம், எங்கே கட்டினால் சில வருஷத்தில் சுவர் விரிசல் விடும், எந்த இடத்தில் கையே வைக்கக் கூடாது என்று முடிவு செய்வதுதான் வேலை. நகரத் திட்டமிடல், வெள்ளத் தடுப்பு, சுரங்கம் தோண்டிய நிலத்தை மீட்பது, காடு வளர்ப்பு என்று பல பக்கம் போகலாம். கணினி வரைபடத் துறையில் பெரிய பெயரான எஸ்ரி நிறுவனத்தை 1969-ல் மனைவியோடு சேர்ந்து தொடங்கிய ஜாக் டேஞ்சர்மண்ட், ஹார்வர்டில் படித்தது நிலவடிவமைப்புதான். இதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

என் கவலை வேறு. யாரிடம் படிக்கப் போகிறாள்?

இந்தத் தொழிலில் வரைபடம் அச்சாகி வந்த அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நிலம் மெதுவாகத்தான் பதில் சொல்லும். நட்ட மரம் நின்றதா, வெட்டிய வாய்க்கால் தூர்ந்ததா என்பதெல்லாம் பல மழைக்காலம் கழித்துத்தான் தெரியும். தான் வடிவமைத்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்காத ஆசிரியருக்கு, தான் செய்தது சரியா தப்பா என்றே தெரிந்திருக்காது. அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பார்?

திரும்பிப் போய்ப் பார்ப்பவருக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆன் விஸ்டன் ஸ்பிர்ன் என்ற நிலவடிவமைப்புப் பேராசிரியர் 1987-ல் அமெரிக்காவில், மேற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அங்கே மில் கிரீக் என்ற ஓடையைப் பல தலைமுறைக்கு முன்பே சாக்கடைக் குழாய்க்குள் தள்ளி மேலே மண்ணைப் போட்டு வீடு கட்டிவிட்டார்கள். வீடுகள் உள்வாங்கின. இடிந்து காலியான மனைகள் பல, புதைந்த ஓடையின் தடத்தை ஒட்டியே கிடந்தன. பிறகு அமெரிக்காவிலேயே மாசசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு மாறியும் அவர் அந்தப் பகுதியை விடவில்லை. கல்லூரி மாணவர்கள், அந்தத் தெருப் பள்ளிப் பிள்ளைகள் என்று வருஷக்கணக்கில் அதே இடத்தில் வேலை. அவருடைய ஆசிரியர் இயான் மெக்ஹார்க். மண், சரிவு, நீரோட்டம், தாவரம் ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் முறையைப் பரப்பியவர். இன்று ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளில் அதைச் சில நிமிஷத்தில் செய்துவிடலாம். ஆனால் தாளில் என்ன ஏற்றுவது என்று தெரிய மண்ணைத் தொட்டிருக்க வேண்டும்.

அப்படி ஒரு வகுப்பில் நான் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆசிரியர் ஈர மண்ணை ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரித் தள்ளச் சொன்னார். ஒரு பையனுடையது உடனே உதிர்ந்தது. பக்கத்துப் பெண்ணுடையது இரண்டு அங்குலம் உடையாமல் தொங்கியது, நல்ல களிமண். “இந்த மண் இருக்கிற இடத்தில்தான் நீ மழைநீர் ஊறுகிற பள்ளம் வரைந்திருக்கிறாய். தண்ணீர் எங்கே போகும்?” என்றார். அந்தப் பெண் கையைத் துடைக்காமலே வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

இதற்கு நேர்மாறாக நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். பெயரையும் பளபளப்பான கையேட்டையும் நம்பி ஒரு மாணவனை ஓர் இடத்துக்கு அனுப்பினேன். இரண்டு வருஷத்தில் அவனைக் களத்துக்குக் கூட்டிப்போனது இரண்டே தடவை. முதல் வேலையில் சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டதற்குத் திரையைத் தேடியிருக்கிறான்.

ஆகவே சேர்வதற்கு முன் ஆசிரியரிடம் பேசுங்கள். பத்து வருஷத்துக்கு முன் செய்த ஒரு வேலை இப்போது எப்படி இருக்கிறது, எங்கே தப்பாகப் போனது என்று மகளே கேட்கட்டும். சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தால் அங்கே சேர்க்கலாம். விருதுப் பட்டியலை நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். முப்பது வருஷ அனுபவம் என்றால் அசந்துவிட வேண்டாம், ஒரே வருஷத்துக் குறிப்பை முப்பது தடவை வாசித்தவர்களும் உண்டு. வெளியே தொழில் செய்துகொண்டே பாடம் எடுப்பவர் என்றால் ரொம்ப நல்லது, ஆனால் வாரத்தில் எத்தனை நாள் மாணவர் கண்ணில் படுவார் என்றும் விசாரியுங்கள். கற்பனை மனைக்கு வரைகிறார்களா, சொந்தக்காரர் உள்ள நிஜ நிலத்துக்கா? 1972-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய கான்வே பள்ளி பத்து மாதப் படிப்பை நிஜ நிலங்களை வைத்தே நடத்திப் பெயர் வாங்கியது.

பல நாடுகளில் இந்தத் தொழிற்பெயரைப் போட்டுக்கொள்ளவே பதிவு வேண்டும். படிப்பு அதற்குச் செல்லுமா என்பதைப் பதிவு செய்யும் அமைப்பிடமே கேளுங்கள், கல்லூரியிடம் வேண்டாம். பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையை ஒட்டி நிலத்தை வடிவமைத்துப் பயிர் செய்யும் முறைக்குத் தரும் 72 மணி நேரச் சான்றிதழை நம்பி வேலை தேட முடியாது. ஆனால் இந்த வேலை அவளுக்குப் பிடிக்குமா என்று பார்க்க மலிவான வழி.

அடுத்த மழைக்கு மகளை வெளியே அனுப்புங்கள். வீட்டைச் சுற்றித் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது என்று ஒரு தாளில் வரையட்டும். ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அதைக் கையில் எடுத்துப் போகட்டும். அதைப் பார்த்து ஆசிரியர் முதலில் என்ன கேட்டார் என்று எனக்கும் சொல்லுங்கள்.