கடலில் பிளாஸ்டிக் சேர்வதைக் குறைக்க நம்மைப் போன்றவர்களால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

நான் கடலூர்க்காரன். வீடு தேவனாம்பட்டினம் பக்கம், கெடிலம் ஆற்று முகத்துவாரத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கரையில் குப்பை பொறுக்குகிறோம். முதல் இரண்டு வருடம் பொறுக்கினோம், மூட்டை கட்டினோம், அனுப்பினோம், அவ்வளவுதான். அப்புறம் எங்களோடு வரும் ஒரு கல்லூரி மாணவி, "அண்ணா, என்னென்ன பொறுக்குறோம்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கலாமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு நான் முன்பு சொல்லியிருக்கக்கூடிய பதிலை மாற்றியது அந்த நோட்டுதான்.

முதல் மாதமே ஒன்று கண்ணில் பட்டது. நாங்கள் எதிர்பார்த்த அளவுக்குத் தண்ணீர் பாட்டில் இல்லை. ஊரில் எந்தக் கடையைப் பார்த்தாலும் அதுதான் அடுக்கியிருக்கிறது, ஆனால் கரையில் குறைவு. காரணம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. நாங்கள் ஆறரை மணிக்குப் போகிறோம். எங்களுக்கு முன்னால், இருட்டு பிரியும்போதே, ஒரு பாட்டி சாக்கோடு கரையை ஒரு நடை நடந்து முடித்துவிடுகிறார். பெட் பாட்டிலைக் காயலான் கடையில் எடைக்கு எடுக்கிறார்கள். அந்தப் பாட்டி விட்டுவிட்டுப் போவதுதான் எங்கள் நோட்டில் ஏறுகிறது: ஷாம்பு பாக்கெட், பான் மசாலா பாக்கெட், மெல்லிய கேரி பை, தெர்மாகோல் துண்டு, ஸ்ட்ரா, நைலான் வலைத் துண்டு. அப்போது இதில் எதையும் எந்தக் கடையும் எடுக்கவில்லை.

என் பதில் இதுதான். விலை இருக்கிற பிளாஸ்டிக்கைக் கடலுக்குப் போகுமுன் யாராவது ஒருவர் எடுத்துவிடுகிறார். விலை இல்லாததுதான் கடலுக்குப் போகிறது. ஆகவே கடலைச் சுத்தம் செய்வது எப்படி என்று கேட்பதைவிட, வாங்க ஆள் இல்லாத இந்தப் பொருட்களை என்ன செய்வது என்று கேட்பதுதான் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

கடலுக்கு எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதியைப் பத்துப் பெரிய ஆறுகள்தான் கொண்டு போகின்றன என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வை இன்னும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2021-ல் வந்த விரிவான கணக்கு அதை மாற்றிவிட்டது. ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போவதில் 80 சதவீதம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து போகிறது. அவற்றில் நகரங்களுக்கு நடுவே ஓடும் சின்ன ஆறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கூவம் மாதிரி, எங்கள் கெடிலம் மாதிரி. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டுக் கிடக்கும்போது கரை ஓரளவு சுத்தமாக இருக்கும். அந்த மாதங்களில் குப்பை இல்லை என்று அர்த்தமில்லை, அது தெருவோர வாய்க்கால்களில் காத்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்ததும் ஏழெட்டு மாதக் குப்பை இரண்டே நாளில் கீழே இறங்கும். முகத்துவாரம் உடைத்துக்கொண்ட மறுநாள் காலையில் அலைகூட வேறு மாதிரிதான் ஒலிக்கும். தண்ணீர் கரையில் வழிகிற சத்தம் இருக்காது, பாலித்தீன் சரசரப்புதான் கேட்கும்.

அதனால் மழைக்கு முந்தைய ஆவணி, புரட்டாசியில் ஒரு தெரு வாய்க்காலைச் சுத்தம் செய்வது, மார்கழியில் கடற்கரையைச் சுத்தம் செய்வதைவிடப் பல மடங்கு பயன் தரும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வாரிய குப்பையை அன்றே வண்டியில் ஏற்றிவிட வேண்டும். வாரி வாய்க்கால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். அடுத்த மழையில் அது அப்படியே உள்ளே போய்விடும்.

இனி வலை. என் மனசை மிகவும் அறுப்பது இதுதான்.

என் சித்தப்பா ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். அவருடைய அப்பா காலத்தில் பருத்தி நூல் வலை. மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மக்கிப்போகும். நைலான் வந்தது பெரிய விடுதலை. இன்றைக்கு யாரும் பருத்திக்குத் திரும்பப் போவதில்லை, போகச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் கடலுக்கு அடியில் பாரில் (பாறைத் திட்டில்) மாட்டி அறுந்துபோன பருத்தி வலை சில மாதங்களில் இல்லாமல் போனது. அறுந்துபோன தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலை பல வருடம் அங்கேயே நின்று மீனும் நண்டும் பிடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லாமல். பேய் வலை என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பசிபிக்கில் மிதக்கும் பெரிய குப்பைத் திட்டை அளந்தவர்கள், எடைக் கணக்கில் அதில் கிட்டத்தட்ட பாதி மீன்பிடி வலைகள்தான் என்று 2018-ல் சொன்னார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மாசி மாதத்தில் ஒரு பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) கரையேறியது. முட்டையிடும் காலம் என்பதால் அதற்காகத்தான் வந்திருக்கிறது என்று முதலில் நினைத்தோம். கிட்டப் போனால் இடது முன்துடுப்பில் பச்சை நிற வலைத் துண்டு நாலைந்து சுற்று. எத்தனை நாளாக இழுத்துக்கொண்டு நீந்தியதோ, நூல் தோலை அறுத்து உள்ளே இறங்கி, சதை வெள்ளையாகத் தெரிந்தது. சித்தப்பா மீன் அரியும் கத்தியைக் கொண்டுவந்து, நூலுக்கும் சதைக்கும் நடுவே தன் விரலை விட்டு, ஒவ்வொரு இழையாக அறுத்தார். கத்தி தன் விரலில் பட்டாலும் பரவாயில்லை, ஆமை மேல் படக்கூடாது என்று. கால் மணி நேரம் ஆனது. ஆமை ஒரு தடவை பெருமூச்சு விட்டது, மனுஷன் விடுகிற மாதிரியே. பிறகு மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது. பிழைத்ததா என்று தெரியாது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது சித்தப்பாவிடம் கேட்டேன், பிய்ந்த வலையை ஏன் கடலிலேயே போட்டுவிடுகிறார்கள் என்று. அவர் கோபப்படவில்லை.

"நாளைக்கு அது நம்ம வலைக்கே வரும்னு எல்லாருக்கும் தெரியும்ப்பா. கரைக்குக் கொண்டாந்தா எங்க போடச் சொல்ற? ஈயத்தையும் மிதவையையும் கழட்டி எடுத்துக்கறோம், அதுக்குக் காசு இருக்கு. மிச்ச வலைய யாரு எடுக்குறா?"

ஒரே வலைக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். விலை போகிற ஈயமும் மிதவையும் பத்திரமாக வீடு வந்து சேர்கின்றன. விலை போகாத கண்ணி மட்டும் கடலில்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கொல்லம் நீண்டகரைத் துறைமுகத்தில் 2017-ல் 'சுசித்வ சாகரம்' என்ற திட்டத்தைக் கேரள அரசு தொடங்கியது. வலையின் மடியில் மீனோடு ஏறும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் கொட்டாமல் கரைக்குக் கொண்டுவர, விசைப்படகுகளுக்குப் பைகள் கொடுத்தார்கள். கரையில் அதை வாங்கி, கழுவி, பிரிக்கிற வேலையில் அந்தப் பகுதிப் பெண்களை அமர்த்தினார்கள். பிறகு அரைத்துத் தூளாக்கித் தார்ச்சாலைக்குப் பயன்படுத்தினார்கள். முதல் பத்து மாதத்தில் 25 டன் வந்தது. (தார்ச்சாலையில் பிளாஸ்டிக்கைக் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார்.) மீனவர்களுக்கு அங்கே யாரும் விழிப்புணர்வு வகுப்பு எடுத்ததால் அது நடந்ததாக நான் நினைக்கவில்லை. கரையில் வாங்கிக்கொள்ள ஒரு கை நீண்டிருந்தது, அதனால் நடந்தது. சென்னை காசிமேட்டிலும் 2024-ல் பழைய வலைகளைச் சேகரிக்கும் முயற்சியைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அது ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்துக்கும், எங்களைப் போன்ற சின்னக் குப்பங்களுக்கும் வர வேண்டும்.

அடுத்தது ஷாம்பு பாக்கெட். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. பொருட்களைச் சாஷேவில் அடைத்து விற்பதற்கு இந்தியாவில் முன்னோடியாக இருந்த சின்னிகிருஷ்ணன் எங்கள் கடலூர்க்காரர். முழு பாட்டில் வாங்க வசதி இல்லாதவரும் ஷாம்பு போட்டுக் குளிக்க அது வழி செய்தது. என் அம்மாவும் அப்படித்தான் வாங்கினார். அந்த நல்லதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உறை ஒரே பொருள் இல்லை. பாலியெஸ்டர், அலுமினியப் பூச்சு, பாலித்தீன் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. பிரிக்க முடியாது, அதனால் விலை இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை, நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் சில வகைகளுக்குத் தடை. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குவது மட்டும் இன்னும் தொங்குகிறது.

இதற்கு வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது உண்டு: முடிந்தவர்கள் பெரிய பாட்டில் வாங்கலாம், சோப்புக்கட்டிக்குத் திரும்பலாம், கடைக்குத் துணிப்பையும் சாம்பாருக்குத் தூக்கும் எடுத்துப் போகலாம். நானும் செய்கிறேன். ஆனால் தினக்கூலி வாங்குகிறவரிடம் போய் 300 ரூபாய் பாட்டில் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த உறைக்கு ஒரு விலை வைக்க வேண்டியவர்கள் அதைத் தயாரித்து விற்கிறவர்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. விற்ற உறைகளுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளை விரிவாக்கியது. அது ஏட்டில் மட்டும் இல்லாமல் எங்கள் கரை வரை வந்தால் போதும்.

விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீலகிரியைப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022 மே மாதத்தில் அங்கே டாஸ்மாக் கடைகளில் ஒரு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரத் தொடங்கினார்கள். காட்டிலும் ஓடையிலும் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த அதே பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை கடைக்கே திரும்பின. அது கண்ணாடிதான். ஆனால் ஜெர்மனியில் 2003 முதல் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் இப்படி 25 சென்ட் பிடித்து வைக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் திரும்பி வருகிறது. குடித்துவிட்டு வீசுகிறவர் திருந்தத் தேவையில்லை. அவர் வீசினாலும், பின்னால் வருகிறவர் பத்து ரூபாய்க்காகக் குனிந்து எடுப்பார்.

நம் கையில் இல்லாததும் இருக்கிறது. 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை (பிளாஸ்டிக் பொருட்கள் செய்ய உருக்கும் மூலப்பொருள்) கடலில் கொட்டியது. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது அதே போன்ற குருணை கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கியது. ஜவ்வரிசி அளவுதான். மணலைச் சல்லடையில் சலித்துச் சலித்து எடுக்க வேண்டும். இப்படிப்பட்டதற்கெல்லாம் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட வேண்டும் என்று 2022-ல் நைரோபியில் முடிவெடுத்தார்கள். 2024-ல் பூசானில் கூடினார்கள், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடினார்கள், இரண்டு இடத்திலும் ஒப்பந்தம் இல்லாமல் கலைந்தார்கள். செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, நீங்கள் என்னதான் செய்யலாம் என்று நேராகக் கேட்டால்: குப்பை பொறுக்கப் போங்கள், ஆனால் எண்ணி எழுதுங்கள். எந்தப் பொருள் அதிகம் என்று தெரிந்தபின், அதை வாங்க உங்கள் ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள். நாங்கள் தேடினோம். பழைய நைலான் வலையைத் துண்டுகளாக வெட்டி, மணல் உதறி, கடல் தண்ணீரின் உப்பு போகக் கழுவி, வகை பிரித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு காயலான் கடைக்காரர் போன வருடம் ஒப்புக்கொண்டார். பெரிய விலை ஒன்றும் இல்லை, டீச் செலவுக்கு ஆகும். ஆனாலும் சித்தப்பாவின் போட்டில் அணியத்துப் பக்கம் (முன்பக்கம்) இப்போது ஒரு பழைய உரச்சாக்கு கட்டித் தொங்குகிறது. அவரைப் பார்த்துப் பக்கத்துப் போட்டுக்காரர்கள் நான்கு பேரும் கட்டியிருக்கிறார்கள். கரைக்கு வந்ததும் மீன் கூடைக்குப் பின்னாலேயே சாக்கும் இறங்குகிறது.

ஷாம்பு பாக்கெட்டுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அரியலூர்ப் பக்கச் சிமெண்ட் ஆலைகளில் இந்த வகை உறைகளைச் சூளையில் எரிபொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் லாரி நிறையச் சேர்ந்தால்தான் கட்டுபடியாகும், எங்களிடம் மூட்டைக் கணக்கில்தான் இருக்கிறது. கழுவிக் காயவைத்துக் கட்டிய ஏழு மூட்டைகள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அடுக்கியிருக்கின்றன. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் வட்டாரத்தில் இப்படிச் சேர்த்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். சேர்ந்து ஒரு வண்டி பிடிக்கலாம்.