வாங்கிய வீடு முதல் மழைக்கே ஒழுகுகிறது: கையிலிருக்கும் பணத்தில் எதை முதலில் செய்வது?

கேள்வி: பாளையங்கோட்டையில், பாளையங்கால்வாய் பக்கம் வயலை மனையாக்கிய இடத்தில், 2006-ல் கட்டிய தரைத்தள வீட்டைப் போன சித்திரையில் வங்கிக் கடன் போட்டு வாங்கினோம். 1,100 சதுர அடி. வாங்கும்போது புது பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. ஐப்பசி மழையில் பின்னறை மேல்தளத்தில் ஓதம் காட்டியது. மார்கழியில் அதே இடத்தில் காரை பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது; நல்லவேளை, யாரும் படுத்திருக்கவில்லை. வடக்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். முன்னறையில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் உப்பு பூத்து உதிர்கிறது. போர் மோட்டாரும் போன மாதம் புகைந்துவிட்டது. பெயின்டர், உள்ளே வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். கான்ட்ராக்டர் ஆறு லட்சம் கேட்கிறார். கையில் இரண்டு லட்சம்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டோமோ என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. என்ன செய்யலாம்?
— ஒரு பள்ளி ஆசிரியை

பதில்: ஏமாந்துவிட்டோம் என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். கட்டி இருபது வருடத்தை நெருங்கும் வீட்டில் நீங்கள் சொன்ன எல்லாமே வரக்கூடியவைதான். மோட்டாரைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்: மேலே விழுந்த காரை, கீழே பூத்த உப்பு, அநேகமாக அந்த விரிசலும்கூட, தண்ணீர் செய்த வேலை. அதனால் கையில் இருக்கும் பணத்தைத் தண்ணீர் வரும் வழியை அடைப்பதற்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும். பெயின்ட் கடைசி.

பெயின்டர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மேலிருந்து இறங்கும் ஈரத்தை உள்பக்கம் பெயின்டால் மூடினால் அது வெளியேற வழியில்லாமல் தளத்துக்குள்ளேயே நிற்கும். ஒரு மழைக்காலம் கறை தெரியாது. அதற்குள் உள்ளே கம்பி இன்னும் துருப்பிடித்திருக்கும்.

பின்னறையில் சரிசெய்யும் வரை யாரும் படுக்க வேண்டாம், கட்டிலை இன்றைக்கே நகர்த்துங்கள். அப்புறம் ஒரு நீளக் கம்பை எடுத்து, தலையில் ஏதாவது பாதுகாப்போடு ஓரமாக நின்றுகொண்டு, மேல்தளத்தை அடிக்கு ஒரு இடமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கெட்டியாகக் கேட்கும். காரை விட்டுப்போன இடம் ‘பொத்’தென்று பொள்ளலாகக் கேட்கும். பொள்ளலாகக் கேட்கும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். எல்லா அறைகளிலும், சன்ஷேடுகளின் அடியிலும் இதைச் செய்யுங்கள். அரை நாள் வேலைதான். ஆனால் கான்ட்ராக்டர் ‘முழுத் தளமும் போச்சு’ என்று சொன்னால், உண்மையில் எத்தனை சதுர அடி போயிருக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கும்.

காரை ஏன் விழுகிறது என்றால், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அந்த நெருக்கல் தாங்காமல் கம்பிக்குக் கீழே உள்ள கான்கிரீட் பாளம் பாளமாகக் கழன்றுவிடும். தளத்தில் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் இருக்க வேண்டும். கம்பியைப் பலகையிலிருந்து சரியான உயரத்தில் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல், உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுத்துத் தளம் போட்ட வீடுகள் நம் பக்கம் ஏராளம். அங்கெல்லாம் கம்பி கிட்டத்தட்ட பூச்சைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஈரம் பட்டால் முதலில் கெடுவது அந்த இடம்தான்.

சரி, ரிப்பேர் எப்படி? வட்டமிட்ட இடங்களில் கான்கிரீட்டை, கம்பியின் பின்பக்கமும் தெரியும் அளவுக்குக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை ஒயர் பிரஷால் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பாண்டிங் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் மூட வேண்டும். வெறும் சிமெண்ட் பூச்சை அப்பிவிட்டுப் போகும் கொத்தனாரிடம் வேலை கொடுத்தால் இரண்டாவது மழையில் அதுவும் விழும். கொத்தியபின் கம்பி மெலிந்தோ அறுந்தோ தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஒரு கட்டட இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கூடுதல் கம்பி சேர்க்க வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் மேலே தண்ணீரை நிறுத்தாமல் கீழே இதைச் செய்து பயனில்லை. தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏறிப் பாருங்கள். மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா? கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கீறல் இருக்கிறதா? அங்கே அரசங்கன்று முளைத்திருந்தால் வேர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மேலே ஒடித்துப் போட்டால் திரும்பத் துளிர்க்கும், வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் அடி, டிஷ் ஆன்டெனாவுக்குப் போல்ட் அடித்த துளை, தளத்தின்மேல் பதித்த தட்டோட்டின் இணைப்புச் சாந்து, எல்லாவற்றையும் பாருங்கள். நான்கு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். குழாய் பக்கம் போகாமல் பின்னறைக்கு மேலே தேங்கினால், தளத்தின் வாட்டம் கெட்டிருக்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், பின்னறைக்கு மேல் மட்டும் சிறு வரப்பு கட்டி இரண்டு அங்குலம் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பார்க்கலாம். அதையும் கீழே காரையைத் தட்டி உதிர்த்த பிறகே செய்யுங்கள்.

இப்போது மாசி. இந்த வேலைக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. தளம் எலும்பு வரை காய்ந்திருக்கும்போதுதான் வாட்டர்புரூஃபிங் பிடிக்கும். ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்தபிறகு ஆள் தேடினால் கூலியும் கூடும், வேலையும் நிற்காது. மூலைகளை உருட்டிப் பூசி, வாட்டத்தைச் சரிசெய்து, அதன்மேல் கோட்டிங் அடிக்கச் சொல்லுங்கள். வெள்ளை நிறக் கோட்டிங்காக இருந்தால் கத்திரி வெயிலில் அறைச் சூடும் கொஞ்சம் குறையும்.

முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்து உப்பு வேறு கதை. அது கீழிருந்து ஏறும் ஓதம். சந்தேகமிருந்தால் ஒரு அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்புறம் வெளியே போய் அதே சுவரின் அடியைப் பாருங்கள். அநேகமாகக் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருக்கும்: பூச்செடிக்காகச் சுவரை ஒட்டி மண் குவித்திருப்பார்கள், அல்லது முற்றத்துச் சிமெண்ட் தளம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், அல்லது தெரு ரோடு உயர்ந்து வீடு பள்ளத்தில் நிற்கும். மண்ணை வெட்டி எடுத்து, சுவரைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் வாட்டமாகச் சிமெண்ட் தளம் போட்டாலே பாதி ஓதம் குறைந்துவிடும். உப்பு ஏறிய பூச்சை, ஈரக் கறைக்கு மேலே இன்னும் ஒரு அடி சேர்த்துக் கொத்திவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காய விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காயாத சுவரில் பூசினால் உப்பு திரும்ப வரும்.

அந்த ரோடு விஷயம் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. கடன் வாங்கி, பேஸ்மட்டம் மூன்று அடி உயர்த்திக் கட்டிய வீடுகள், ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டே வாசற்படி இறங்கி உள்ளே போகும்படி ஆகிவிட்டன. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று அரசின் அறிவுறுத்தலே இருக்கிறது. உங்கள் தெருவில் ரோடு வேலை வருகிறது என்று தெரிந்தால், ஜல்லி இறக்கும் முன்பே தெருக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். போட்ட பிறகு பேசிப் பலனில்லை.

விரிசலுக்கு இப்போதைக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், அடிமண் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டலாம். உங்களுடையது வயல் மண். மானூர், கயத்தாறு பக்கத்துக் கரிசல் அளவுக்கு இல்லாவிட்டாலும், களி கலந்த மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் அகலத்தை ஸ்கேலோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். மாதம் ஒரு முறை, அடுத்த தை வரை பாருங்கள். கோட்டைத் தாண்டாமல் அப்படியே நின்றால் பழைய விரிசல், நிரப்பிவிடலாம். நீண்டுகொண்டே போனாலோ, பக்கத்துக் கதவு திடீரென்று பிடிக்க ஆரம்பித்தாலோ இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடும் மெல்லிய விரிசலும், தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் நேராக இறங்கும் கீற்றும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. முதலாவது நம் ஊர் வெயிலில் தளம் விரிவதால் வருவது, இரண்டாவது பூசும்போது கோழிவலை வைக்காததால் வருவது.

மோட்டாருக்குக் காயில் கட்டுவதோடு விடாதீர்கள். வோல்டேஜ் குறைந்தாலும், போரில் தண்ணீர் இறங்கி வெறுமனே ஓடினாலும் தானாக நிற்கும் பேனல் போர்டு ஒன்று மாட்டுங்கள். சித்திரை, வைகாசியில் அதுதான் மோட்டாரைக் காப்பாற்றும். ஒயர்மேன் வரும் அதே நாளில் வீட்டில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று கேளுங்கள். ஓதமடிக்கும் வீட்டில் அது இல்லாமல் இருக்கவே கூடாது.

ஆக, இரண்டு லட்சத்தில் தட்டட்டியும் பின்னறைத் தளமும் முதலில், அப்புறம் ஆர்சிசிபியும் மோட்டாரும், மிச்சமிருந்தால் சுற்றுத் தளம். ஆறு லட்சம் கேட்டவரிடம் வேலைவாரியாக, சதுர அடி போட்டு எஸ்டிமேட் எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் டைல்ஸ், பெயின்ட், பால்ஸ் சீலிங் எல்லாம் கலந்திருக்கும் என்பது என் ஊகம். குறிப்பாக பால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். காரை விழுவதையும் கசிவதையும் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

இனிமேல் வீடு வாங்கப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் கையிலிருந்து போகும். 40 லட்சத்துக்கு 3.6 லட்சம். அதையும் கொடுத்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாதபடி வாங்காதீர்கள். கட்டடத்தைக் கட்ட இன்று ஆகும் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கையாவது வருடாவருடம் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவான புது அடுக்குமாடி என்றால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். உங்களைப் போலத் தனி நபரிடம் பழைய வீடு வாங்கியவர்களுக்கு அந்த வழி இல்லை.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வங்கியில் கடனோடு சேர்த்துப் போட்டுவிட்ட பாலிசி பெரும்பாலும் கடன் வாங்கியவரின் உயிருக்கானது. பாலிசித் தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள். வீட்டுக்கென்று ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. வெள்ளம், புயல், நிலநடுக்கம், தீ எல்லாம் அதில் அடக்கம். மனை விலையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும் போதும். சதுர அடிக்கு 2,000 என்று வைத்தால் உங்களுக்கு 22 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, தானாகவே சேரும். ஆனால் நாள்பட்ட கசிவுக்கும் துருவுக்கும் இன்சூரன்ஸ் பணம் தராது. அந்தப் பொறுப்பு நம்முடையது.

வேலைக்கு ஆள் பேசும்போது, எந்தக் கம்பெனிப் பொருள், எத்தனை கோட், எத்தனை வருட உத்தரவாதம் என்று தாளில் எழுதி வாங்குங்கள். மொத்தக் கூலியில் ஒரு பங்கை, பத்தில் ஒன்றாவது, ஐப்பசி கார்த்திகை மழை கழிந்து தளம் காய்ந்து இருப்பதைப் பார்த்தபின்தான் தருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொழில் தெரிந்த கொத்தனார் அதற்கு ஒத்துக்கொள்வார்.