கரண்ட் இல்லாத வீட்டின் கதை – கடிதம்

ஐயா,

என் பாட்டி சிலோனிலிருந்து வந்து கூடலூர்ப் பக்கம் குடியேறியவர். அவரைப் பற்றி எழுதிய கதையை இணைத்திருக்கிறேன். சாஸ்திரி ஒப்பந்தம், பட்டா இல்லாத நிலம், கரண்ட் கிடைக்காத வீடு எல்லாம் வருகின்றன. "அரசியலை எடுத்துவிடு, பாட்டி போதும்" என்கிறார்கள் நண்பர்கள். எடுக்கலாமா?

வாசகர், கூடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

எடுக்காதீர்கள். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், இரண்டு பிரதமர்கள், பேசி முடித்தார்கள். மிச்சம் 1,50,000 பேர் 1974 வரை தொங்கலில் கிடந்தார்கள். இதை நீக்கினால் பாட்டி இந்த மலைக்கு ஏன் வந்தார் என்பதே தெரியாது.

ஆனால் கதையில் வருகிற வாத்தியார் ஒரு பக்கம் முழுக்க ஒப்பந்தத்தை விளக்குகிறாரே, அதை வெட்டுங்கள். தாத்தா இந்தியாவுக்கு மனுப் போடுகிறார். கட்டிக்கொடுத்த மகள் சிலோனிலேயே தங்கிவிடுகிறாள். இதை இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள். மனுவை எழுதிக்கொடுத்தது யார், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையா? பாட்டியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஒப்பந்தம் அந்த லயத்துக்குள், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டுக்குள், நுழைந்த இடம் அதுதான். அங்கே நின்று எழுதுங்கள்.

அப்புறம் கதையில் வருகிற அந்த வனத்துறை ரேஞ்சர். அவரை வெறும் கொடுமைக்காரராக ஆக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969இல் எதற்காக வந்தது? ஜென்மிகளின், அதாவது பரம்பரை நில உடைமையாளர்களின், பிடியை உடைத்து, உழுகிறவன் கைக்கு நிலம் போக வேண்டும் என்ற நம்பிக்கையில். நல்ல நம்பிக்கை, நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் எஸ்டேட் குத்தகை நிலங்கள் சிக்கின. வழக்கு நீண்டது. அந்த நிலங்களில் குடியேறிய ஏழைகளுக்குப் பல பத்தாண்டுகள் பட்டாவும் இல்லை, கரண்டும் இல்லை. காடு அழியக் கூடாது என்று ரேஞ்சர் மனதார நம்பட்டும். நிலம் ஏழைக்கே என்று கொடி பிடிக்கிற தோழரும் நம்பட்டும். இருவரும் நல்லவர்களாக இருந்தும் பாட்டி வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால், வாசகன் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தவிப்பான். தவிக்கட்டும். அந்தத் தவிப்பைத் தர முடிகிற வடிவம் சிறுகதை என்பதால்தான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

மண்ணெண்ணெய்க்காக ரேஷன் கடையில் நிற்கிற பகுதி அருமை. அதில் கை வைக்காதீர்கள். மற்றதைத் திருத்திவிட்டு மறுபடி அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.