சின்னக் குடுவைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஏதென்ஸின் அந்தெஸ்தேரியா விழா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். முதல் இரண்டு நாள் மது, மூன்றாம் நாள் இறந்தவர்களுக்கான சடங்கு. இவை எப்படி ஒரே விழாவாக முடியும்? குடித்துக் கூத்தடிக்கக் கிடைத்த சாக்கு என்றே எனக்குப் படுகிறது.

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

கூத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் நாள், மண்ணில் புதைத்துவைத்த சாடிகளைத் திறந்து புது மதுவை மதுவின் கடவுளான டயோனிசஸுக்குப் படைப்பார்கள். சரி, அது கொண்டாட்டம்தான். மறுநாள் ‘கோயஸ்’, அதாவது குடுவை நாள். கிரேக்க விருந்தில் ஒரே பெரிய கலத்தில் மதுவையும் தண்ணீரையும் கலந்து, எல்லோரும் அதிலிருந்து மொண்டு, பாடிப் பேசிக் குடிப்பது வழக்கம். அன்று மட்டும் ஆளுக்கொரு குடுவை, சுமார் 3 லிட்டர். எக்காளம் ஊதியதும் ஒரு வார்த்தை பேசாமல் குடிக்க வேண்டும். இந்த வழக்கத்துக்கு ஒரு புராணக் கதை உண்டு. தாயைக் கொன்ற ஒரெஸ்டஸ் தீட்டோடு ஏதென்ஸுக்கு வந்தானாம். அவனை விரட்டவும் மனமில்லை, அவனோடு ஒரே கலத்தில் குடிக்கவும் முடியாது. அவன் மனம் நோகாதிருக்க எல்லோருக்கும் தனித்தனிக் குடுவை வைத்தார்கள். யூரிப்பிடிஸின் நாடகத்தில் ஒரெஸ்டஸே இதைச் சொல்கிறான்.

குடுவை நாளன்றே ஆவிகள் அண்டாதிருக்கக் கதவில் கீல் பூசி, ஒரு முள்செடியின் இலையை மென்றார்கள். ஆக, இறந்தவர்கள் மூன்றாம் நாள் திடீரென்று வரவில்லை. அந்த நாளில் தானியங்களை ஒன்றாக வேகவைத்து, பாதாளத்துக்கு வழிகாட்டும் ஹெர்மிஸுக்குப் படைத்தார்கள்.

ஆனால் இந்த விழா என் மனதில் ஒட்டிக்கொண்டது குழந்தைகளால். மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் குடுவை நாளில் தலையில் பூ சூட்டுவார்கள். அவர்கள் கைக்கென்றே குட்டிக் குடுவைகள் இருந்தன. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. மேலே தவழும் குழந்தை, மார்பின் குறுக்கே தாயத்துக் கயிறு, பக்கத்தில் தள்ளுவண்டியோ நாய்க்குட்டியோ வரைந்திருக்கும். அவற்றில் சில குழந்தைகளின் கல்லறைகளில் கிடைத்தவை. விழாவைப் பார்க்காமலே போன பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் கொடுத்தனுப்பியவை அவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஏதென்ஸில் ஒரு குழந்தையின் கல்லறைக் கல்லில் இப்படிப் பொறித்திருக்கிறது: குடுவை விழாவுக்கான வயதுதான், ஆனால் விதி விழாவை முந்திக்கொண்டது.

அந்தக் கல்லை நட்ட வீட்டிலும் அடுத்த ஆண்டு மதுச்சாடியைத் திறந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த மூன்றாம் நாளும் வேண்டியிருந்திருக்கும்.