கடலில் காணாமல் போனவர்கள், கரை ஒதுங்கும் உடல்கள்: கேள்வி பதில்

கொச்சி, முனம்பம் துறைகளில் மீன்பிடிப் போட்டில் சிராங்காக, அதாவது போட்டை ஓட்டுகிறவனாக இருந்தவன் நான். இப்போது கரையில்தான் இருக்கிறேன். காணாமல் போனவர்களின் வீட்டுக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், மார்ச்சுவரிக்கு அவர்களோடு கூடப் போகிறேன். தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: அண்ணா, ஒக்கி புயலில் நம்ம பக்கத்து ஆள்களின் உடல்கள் கோழிக்கோடு வரைக்கும் எப்படிப் போயின?

2017 நவம்பர் 30 அன்று புயல் கன்னியாகுமரிக்குக் கீழே வந்து, லட்சத்தீவு வழியாகப் போய், அப்புறம் குஜராத் பக்கம் திரும்பியது. உயிரோடு இருந்தவர்களின் போட்டுகளே லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவின் தேவ்கட்டிலும்தான் கரை பிடித்தன என்றால், உயிரில்லாத உடல் மட்டும் நம் ஊர்த் தூத்தூரிலேயே ஒதுங்குமா? மூழ்கியவர் முதலில் அடியில் போய்விடுவார். நம் கடல் சூட்டில் சில நாளில் வயிற்றில் வாயு சேர்ந்து உடல் மேலே வரும். முக்கால்வாசி தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் காற்று தள்ளுவதைவிட நீரோட்டம் இழுப்பதுதான் அதிகம். அதனால்தான் கேரளத்தில் பேப்பூர், பொன்னானி பக்கமெல்லாம் நாள் கணக்கில், வாரக் கணக்கில் உடல்கள் கிடைத்தபடி இருந்தன.

அதற்குள் முகம் இருக்காது. மீனும் நண்டும் முதலில் எடுப்பது உதடு, கண்ணிமை, காது. விரல் தோல் கையுறை மாதிரி கழன்று வந்துவிடும், ரேகையும் அதோடு போகும். ஒக்கி உடல்களுக்குத் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையத்தில் டிஎன்ஏ பார்த்துத்தான் பலருக்குப் பெயர் கிடைத்தது.

குளச்சல், ஒரு சகோதரி: சட்டை, கைலியைப் பார்த்து அடையாளம் சொன்னால் போதாதா? சீக்கிரம் அடக்கம் பண்ணிவிடலாமே?

வேண்டவே வேண்டாம் அக்கா. போட்டில் யார் கைலியை யார் கட்டுகிறார்கள் என்றே தெரியாது, ஒருவன் காயப்போட்டதை இன்னொருவன் எடுத்துக் கட்டிக்கொள்வான். ஒரே கடை டீ-சர்ட்டை ஐந்து பேர் போட்டிருப்பார்கள். துணியைப் பார்த்து வாங்கிக்கொண்டு போனால் வேறு வீட்டுப் பிள்ளையை உங்கள் கல்லறையில் வைத்துவிடுவீர்கள், அந்த வீட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பச்சை குத்தியிருந்தால் சொல்லுங்கள், மேல்தோல் போன பிறகும் அது உள்தோலில் தெளிவாகத் தெரியும். பழைய எலும்பு முறிவு, உள்ளே வைத்த பிளேட், கட்டின பல், எல்லாம் உதவும். ஆனால் முடிவு டிஎன்ஏவில்தான். அம்மா, அப்பா, பிள்ளைகள் ரத்தம் கொடுக்க வேண்டும். மனைவி ரத்தம் மட்டும் கொடுத்துப் பிரயோஜனமில்லை. பிள்ளையுடையதோடு சேர்த்துக் கொடுத்தால் உதவும்.

நீரோடி: உடலே கிடைக்கவில்லை. ஏழு வருடம் காத்திருக்கணுமா?

சாட்சியச் சட்டப்படி பொதுவாக ஆமாம். ஒக்கியில் அரசே தனியாக முடிவெடுத்து, காணாமல் போனவர்களையும் இறந்தவர்களாகக் கணக்கிட்டு, குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுத்தது. நூற்றுக்கணக்கான வீடு ஒன்றாகத் தெருவுக்கு வந்தால் அப்படி ஆணை வரும். ஒரே ஒரு ஆள் ராத்திரி போட்டின் பின்பக்கம் சிறுநீர் கழிக்கப் போய் விழுந்துவிட்டால் யாரும் ஆணை போட மாட்டார்கள். (பாதிப் போட்டுகளில் கழிப்பறை கிடையாது, பின்பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூடக் கட்டுவதில்லை.) கூட இருந்தவர்கள் ஊருக்குப் போவதற்கு முன்பே கடலோரக் காவல் நிலையத்தில் அவர்களின் வாக்குமூலத்தை வாங்கி வைத்துவிடுங்கள். சூழ்நிலையை வைத்து மரணத்தை முடிவு செய்யக் கோர்ட்டுக்கு வழி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம்.

பெயர் வேண்டாம்: வளைகுடா போட்டு வேலைக்கு ஏஜெண்ட் விசிட் விசாவில் போகச் சொல்கிறார்.

போகாதே தம்பி. மீதியைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேள்.

முட்டம், போட்டு முதலாளி: இப்போது போட்டில் முக்கால்வாசி பெங்காலி, அசாம் பையன்கள். நீச்சல் தெரியாது, பேச்சு புரியாது. விபத்துக்குக் காரணமே அவர்கள்தான்.

இதை எல்லாத் துறையிலும் கேட்டுவிட்டேன். கரையிலிருந்து ஐம்பது மைலில் நீச்சல் தெரிந்து எங்கே போவீர்கள்? 2017 ஜூனில் கொச்சிக்கு வெளியே விடியுமுன் ஒரு போட்டைப் பனாமா கொடிக் கப்பல் இடித்ததே, செத்தவர்களில் குளச்சல்காரரும் உண்டு, அசாம்காரரும் உண்டு. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் பேப்பூர் போட்டைக் கண்டெய்னர் கப்பல் இடித்தபோது அதில் தமிழ்நாட்டு ஆள்களும் இருந்தார்கள், மேற்கு வங்கத்துக்காரர்களும் இருந்தார்கள். கப்பல் ஊர் பார்த்து இடிக்கவில்லை. பேச்சு புரியாதவனை வீல் பக்கம் காவலுக்கு நிறுத்திவிட்டுச் சிராங்கு தூங்கினால், அது அந்தப் பையன் தப்பா?

அதே முதலாளி: மீன்பிடிக்கிற போட்டுக்குக் கப்பல்தான் ஒதுங்கணும், சட்டம் அப்படித்தான். எங்களை ஏன் குறை சொல்கிறீர்கள்?

சட்டம் அதுதான், ஆனால் நீங்கள் மீன்பிடிக்கிறீர்கள் என்று கப்பல்காரனுக்குத் தெரிய வேண்டும். இழுவை மடி என்றால் பச்சை விளக்கு, அதற்குக் கீழே வெள்ளை. தூண்டில், செவுள் வலை என்றால் சிவப்பு, அதற்குக் கீழே வெள்ளை. உங்கள் போட்டில் என்ன எரிகிறது? கல்யாண வீடு மாதிரி நாலு கலரில் எல்இடி. அதற்கு நடுவில் எது சிக்னல், எது அலங்காரம்? பெரிய கப்பலின் முன்னால் 500 மீட்டர் வரை, கப்பலை ஓட்டும் மேல்தளத்தில் நிற்பவனுக்குக் கடலே தெரியாமல் இருக்கலாம், விதியே அவ்வளவுக்கு இடம் கொடுக்கிறது. கடைசி நிமிடம் பார்த்தாலும் அவனால் நிறுத்த முடியாது. விஎச்எஃப் ரேடியோவை 16-ஆம் சேனலில் வைத்து, பேசத் தெரிந்த ஒருவரைக் காவலுக்கு வையுங்கள்.

சின்னத்துறை, சிராங்கு: அண்ணன் சொல்வது சரி, ஆனால் இருபது மணி நேரம் வலை இழுத்தவன் எப்படிக் காவல் நிற்பான்? முதலாளி இன்னும் ஒரு ஆள் கூடப் போட மாட்டேன் என்கிறார், பங்கு குறையுமாம்.

இப்போதுதான் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதற்கு முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். மேலே இருக்கிறார், கேளுங்கள்.

முதலாளி: டீசல் விலை யார் கொடுப்பது?

டீசலுக்குக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறீர்கள், லிட்டர் லிட்டராக எழுதுகிறீர்கள். ஏறுகிற பத்துப் பேர் பெயருக்கு ஒரு பக்கம் கிடையாது. "பெங்காலிப் பையன்" என்று போனில் ஒரு நம்பர். அந்த உடல் கரைக்கு வந்தால் எந்த ஊர் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வது, யார் ரத்தத்தோடு ஒப்பிடுவது? கொஞ்ச நாள் குளிர்பெட்டியில் இருக்கும், அப்புறம் அநாதைப் பிணம் என்று புதைத்துவிடுவார்கள்.

காசிமேடு: எங்கள் ஆள்களின் ஆதார் எல்லாம் போட்டிலேயே பத்திரமாக இருக்கிறது அண்ணா.

போட்டு முழுகினால் அதுவும் முழுகும்! நேவி சோதனைக்காகக் கையில் வைத்திருப்பது சரி. ஆனால் அதன் ஒரு படமும், ஆள் பட்டியலும் கரையில் இருக்க வேண்டும். பெயர், அப்பா பெயர், ஊர், காவல் நிலையம், வீட்டில் இருவரின் நம்பர், உடம்பில் உள்ள தழும்பு, பச்சை, ஆளின் முழு முகப் படம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாக எழுதுங்கள், ஏனென்றால் துறையில் கடைசி நேரத்தில் ஆள் மாறுவான்.

பூத்துறை: லைஃப் ஜாக்கெட் போட்டால் வேலை ஓடாதே?

வேலை நேரத்துக்கு மெல்லியது கிடைக்கிறது. குறைந்தபட்சம் ராத்திரி மேல்தட்டில் நடக்கும்போது போடுங்கள். உதவிக்குக் கடலோரக் காவல்படை 1554.

இரையுமன்துறை: மனைவி ரத்தம் கொடுத்தால் போதுமா அண்ணா?

மேலே குளச்சல் அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வள்ளவிளை: டிஎன்ஏ எங்கே எடுப்பது? தனியார் லேபில் சீக்கிரம் கிடைக்குமாமே?

காசைக் கொட்டாதீர்கள். புகார் கொடுத்த ஸ்டேஷனில், உடல் கிடைத்த ஊரின் ஸ்டேஷன் பெயரையும் எழுதி, மனு கொடுங்கள். மாதிரியை அவர்கள் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும். நீங்களாக எடுத்த ரிப்போர்ட்டை வழக்கில் சேர்க்க வைப்பது பெரும்பாடு. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.