நாற்பது நிமிடத்தைத் தாண்டிய நாட்கள் எத்தனை?

கேள்வி: ஐயா, நான் திருச்சிக்காரன். சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே உருவான எக்ஸ் வகை நீராவி எஞ்சின் மலை ஏறுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. இரவு ரயிலில் கோவை, அங்கிருந்து இன்னொரு ரயிலில் மேட்டுப்பாளையம், காலை 7.10 மலை ரயிலில் ஊட்டி என்று மூன்று டிக்கெட் போட்டேன். கோவையில் வண்டி மாற 40 நிமிடம் இருந்தது. நடுவழியில் எஞ்சின் பழுதாகி இரவு ரயில் 2 மணி 50 நிமிடம் தாமதம். இரண்டு ரயிலும் போய்விட்டன. 3,500 ரூபாய் கொடுத்து டாக்ஸியில் குன்னூர் போனோம், அங்கும் நீராவி எஞ்சினைப் பார்க்க முடியவில்லை. அப்பா அன்று முழுக்கப் பேசவே இல்லை. மூன்று மணி நேரத் தாமதம் என்று டி.டி.ஆர் (டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டேன், நிராகரித்துவிட்டார்கள். அந்த இரவு ரயிலை 60 நாள் குறித்து வைத்திருக்கிறேன். 47 நாள் தாமதம். மாற்று எஞ்சினை மாட்டிய வீடியோவும் இருக்கிறது, என் சேனலிலேயே போட்டிருக்கிறேன். மன உளைச்சலுக்கு 2 லட்சம் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் வழக்கின் தலைவிதியைத் தீர்மானிக்கும் எண்ணை நீங்கள் எழுதவில்லை. 60 நாளில் 47 நாள் தாமதம் என்கிறீர்கள். அதில் எத்தனை நாள் தாமதம் 40 நிமிடத்தைத் தாண்டியது? குறிப்பேட்டை எடுத்து முதலில் அதை எண்ணுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சட்டம் இன்று உங்கள் பக்கம் ஓரளவு சாய்ந்தே இருக்கிறது. வண்டி நேரத்துக்கு ஓடும் என்று உத்தரவாதம் தரவில்லை என்று கட்டண விதிகளைக் காட்டி ரயில்வே முன்பெல்லாம் தப்பித்துவந்தது. 2021 செப்டம்பரில், ரயில் தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்ட சஞ்சய் சுக்லா என்ற பயணியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் என்ன, அது தன் கட்டுப்பாட்டை மீறியதா என்று காட்ட வேண்டியது ரயில்வேயின் பொறுப்பு. காட்டாவிட்டால் அது சேவைக் குறைபாடு. எஞ்சின் பழுது என்பது மூடுபனியோ வெள்ளமோ மறியலோ அல்ல. பராமரிப்பு அவர்கள் கையில் இருக்கிறது. அந்த அளவில் உங்கள் நிலை நன்றாகவே இருக்கிறது.

ஆனால் அந்த வழக்கில் பயணி விட்டிருந்த இடைவெளியைப் பாருங்கள். ரயில் ஜம்முவுக்கு 8.10க்கு வர வேண்டியது, ஸ்ரீநகர் விமானம் 12 மணிக்கு. ஏறக்குறைய நாலு மணி நேரம். நீங்கள் விட்டது 40 நிமிடம். ரயில்வே வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வியே இதுதான். அந்தக் கேள்விக்குப் பதிலை நீங்களே 60 பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ரயில் ரசிகர்கள் தவறாமல் விழும் குழி இது. வண்டியின் ஓட்டத்தை நாள்தோறும் குறித்து வைத்தால் அது ரயில்வேயின் அலட்சியத்தை நிரூபிக்கும் என்று நினைக்கிறார்கள். மனுவோடு பெருமையாக இணைக்கிறார்கள். எதிர்தரப்பு அதையே எடுத்து, "இந்த வண்டி தாமதமாகத்தான் வரும் என்று இவருக்கு நன்றாகத் தெரியும். சாதாரணப் பயணி அல்ல, நிபுணர். தெரிந்தே 40 நிமிடத்தில் அடுத்த டிக்கெட்டைப் போட்டிருக்கிறார்" என்று வாதிடும். விவரம் தெரியாத பயணிக்குக் கிடைக்கும் இழப்பீடு, விவரம் தெரிந்த உங்களுக்குக் குறையவோ இல்லாமல் போகவோ கூடும்.

அதனால்தான் அந்த எண். 47 நாளில் பெரும்பாலானவை பத்து, இருபது நிமிடத் தாமதமாக இருந்து, 40ஐத் தாண்டியவை நாலைந்து நாள்தான் என்றால், குறிப்பேடு உங்களுக்குச் சாதகம். ஆராய்ந்து, அந்த வண்டியின் வழக்கமான தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே திட்டமிட்டேன் என்று காட்டலாம். இருபது நாளுக்கு மேல் என்றால், நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் சமரசத்தைத் தவிர வேறு எதையும் பேசமாட்டேன். எப்படி இருந்தாலும் குறிப்பேட்டைக் கிழிக்காதீர்கள், ஒரு தேதியைக்கூடத் திருத்தாதீர்கள். பாதகமாக இருந்தால் மனுவில் இணைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆணையத்தில் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். நுகர்வோர் ஆணையம் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணத்தையும் வைத்தே தீர்ப்பளிக்கிறது. அதில் ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளும் சேர்ந்து சாயும்.

அடுத்தது வீடியோ. மாற்று எஞ்சினை மாட்டுவதை எங்கே நின்று எடுத்தீர்கள்? நடைமேடையிலா, பெட்டிக்குள் இருந்தா, இறங்கிப் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றா? மூன்றாவது என்றால் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவு வரும்: அத்துமீறல், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இழப்பீடு கேட்கப் போய், சொந்தக் குற்றத்துக்குச் சொந்தக் கையெழுத்தோடு சாட்சி கொடுத்ததாக ஆகிவிடும். அந்த வீடியோ வழக்குக்குத் தேவையுமில்லை. காரணத்தை விளக்கும் சுமை ரயில்வேயின் தலையில் இருக்கும்போது, எஞ்சின் எண்ணோடு நீங்கள் எதற்காக அதை நிரூபிக்க ஓட வேண்டும்? தேவைக்கு மேல் நிரூபிக்கப்போய் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

அதே வீடியோவுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். ரயில் ரசிகருக்கு நடுவழியில் எஞ்சின் மாறுவது கண்கொள்ளாக் காட்சி. "மறக்க முடியாத இரவு" என்று ஒரு வரி இருந்தால், மன உளைச்சல் என்ற கோரிக்கை அங்கேயே செத்துவிடும். சேனலில் விளம்பர வருமானம் வருகிறதா? வந்தால் இன்னொரு கேள்வி எழும்: இது வணிக நோக்கப் பயணம், நீங்கள் சட்டம் சொல்லும் நுகர்வோரே அல்ல என்பார்கள். அப்பாவோடு போன பயணம் என்பதால் சமாளிக்கலாம். பதிவை இப்போது அழித்தால் மறைக்கப் பார்த்தீர்கள் என்ற பெயர் சேரும். அப்படியே விடுங்கள், புதிதாக எதுவும் எழுதாதீர்கள்.

டி.டி.ஆர் விஷயத்தில் நீங்கள் செய்தது தவறு, அதை ஒத்துக்கொள்வதுதான் நல்லது. மூன்று மணி நேர விதி என்பது வண்டி உங்கள் ஏறும் நிலையத்துக்கு அதற்கு மேல் தாமதமாக வந்து, நீங்கள் பயணத்தையே கைவிட்டால் பொருந்துவது. நீங்கள் ஏறிப் பயணம் செய்திருக்கிறீர்கள். பரிசோதகரின் கருவியில் உங்கள் இருக்கைக்கு நேரே வந்ததாகப் பதிவு இருக்கும். தாமதமும் மூன்று மணி நேரத்தைத் தொடவில்லை. ஆக, அந்த டி.டி.ஆரில் சொன்ன காரணம் உண்மையல்ல. காரணத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை மனுவோடு நீங்களே இணைத்துவிடுங்கள். அவர்கள் எடுத்துக் காட்டினால் பொய், நீங்களே சொன்னால் பிழை.

டிக்கெட் போடும்போது இரண்டு பி.என்.ஆரை இணைத்திருந்தால் இவ்வளவு தலைவலி இல்லை. 2019 ஏப்ரல் முதல் அந்த வசதி இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இணைப்பு தவறினால், வண்டி உண்மையில் வந்து சேர்ந்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் விண்ணப்பித்தால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் ரத்துக் கட்டணப் பிடித்தம் இல்லாமல் திரும்பும். நீங்கள் தனித்தனியாகப் போட்டதால் ரயில்வேயின் கணக்கில் அவை மூன்று தனி ஒப்பந்தங்கள். கோவையிலும் மேட்டுப்பாளையத்திலும் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். விதிப்படி அந்தக் கட்டணம் திரும்பாது.

இதனால் மனுவில் ஒரு சொல்லை எழுதும்போது கவனம் வேண்டும். "டிக்கெட் கட்டணத்தைத் திருப்பித் தர உத்தரவிட வேண்டும்" என்று எழுதினால், கட்டணம் திரும்பக் கேட்கும் கோரிக்கை ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்கு உரியது, இந்த ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று முதல் நாளே ஆட்சேபம் வரும். 1987ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சட்டத்தில் 13, 15 பிரிவுகள் அதற்குத்தான் இருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டியது சேவைக் குறைபாட்டால் ஏற்பட்ட நஷ்டம். வீணான இரண்டு டிக்கெட்டின் தொகை அந்த நஷ்டக் கணக்கில் ஒரு வரியாக வரட்டும். எதிர்மனுதாரராக நிலைய மேலாளரை மட்டும் போடாதீர்கள். பொது மேலாளர் வழியாக இந்திய ஒன்றியம் என்று போடுங்கள். டிக்கெட் விற்ற இணையதளத்தைச் சேர்த்தால் பதிலுரைக்கு இன்னொருவர் வாய்தா வாங்குவார், வேறு பயன் இல்லை. அப்பாவும் பயணி. அவரும் மனுதாரராகக் கையெழுத்துப் போட வேண்டும்.

டாக்ஸிக்குப் போவோம். சுக்லா வழக்கில் ஸ்ரீநகர் வரை போன டாக்ஸிக்கு 15,000, வீணான முன்பதிவுக்கு 10,000, மன உளைச்சலுக்கு 5,000 கிடைத்தது. உங்கள் 3,500க்கும் அந்த வழியில் இடமுண்டு, ரசீது இருந்தால். ஓட்டுநரின் கைபேசிக்கு அனுப்பிய பணத்தின் பதிவு போதும். ரொக்கம் கொடுத்திருந்தால் கஷ்டம். ஊட்டிக்குப் பேருந்து இருக்கும்போது டாக்ஸி எதற்கு என்பார்கள். அதற்குப் பதில் உங்கள் துறையிலேயே இருக்கிறது. உங்கள் பயணத்தின் நோக்கம் ஊட்டி அல்ல. நீராவி எஞ்சின் பல்சக்கரத்தால் பிடித்து ஏறும் பாதை கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். குன்னூருக்கு மேல் வழக்கமாக டீசல் எஞ்சின் இழுக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போகும் வழக்கமான வண்டி நாளுக்கு ஒன்று. அது போய்விட்டால் அன்றைய நோக்கமே போய்விட்டது, எஞ்சினைக் குன்னூரிலாவது பிடிக்கத்தான் டாக்ஸி என்று நாலு வரியில் சொல்லுங்கள். 208 வளைவு, 16 குகை, 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் என்றெல்லாம் மனுவில் எழுத வேண்டாம். படிப்பவருக்கு அது சுற்றுலாக் கையேடாகத் தெரியும்.

அப்பாவின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. பொன்மலையில் உழைத்தவருக்கு அந்த எஞ்சின் வெறும் இரும்பு அல்ல. ஆனால் ஆணையத்தில் அதற்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை.

2 லட்சத்தை மறந்துவிடுங்கள். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற சபலம் எல்லோருக்கும் வருகிறது. பெரிய தொகையைப் பார்த்ததும் சமரசத்துக்கு வரக்கூடிய அதிகாரி கோப்பை மூடி வழக்கறிஞரிடம் தள்ளிவிடுவார். பிறகு மேல்முறையீடு. சுக்லா வழக்கின் சம்பவம் 2016 ஜூனில், இறுதித் தீர்ப்பு 2021இல். மேலே சொன்ன தொகைக்காக ஐந்து வருடம், உச்ச நீதிமன்றம் வரை. அப்பாவின் வயதை நினைத்துப் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது தகவல் உரிமை மனு. கோட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கட்டணத்தோடு. வண்டி எண், தேதி, ஒவ்வொரு நிலையத்தையும் கடந்த நேரம், கட்டுப்பாட்டு அறையில் பதிவான தாமதக் காரணம், அது எந்தத் துறையின் கணக்கில் எழுதப்பட்டது என்று மட்டும் கேளுங்கள். ஏன் இப்படி நடந்தது என்ற கேள்விக்கு அங்கே பதில் வராது, பதிவுக்குத்தான் வரும். 30 நாளில் வரும் அந்தப் பதிலில் எஞ்சின் பழுது என்று இருந்தால் உங்கள் வீடியோவுக்கு வேலையே இல்லை. சங்கிலி இழுப்பு, மாடு அடிபட்டது என்று ஏதாவது இருந்தால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். அதையும் மனு போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. காலவரையறை இரண்டு வருடம், அவசரம் இல்லை. வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்பதால் திருச்சி மாவட்ட ஆணையமே போதும்.

பதில் வந்ததும் டாக்ஸி, இரண்டு டிக்கெட், அதற்கு மேல் ஒரு 10,000 என்று கணக்குப் போட்டுக் கோட்ட வணிக மேலாளருக்கு ஒரு அறிவிப்பு அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் மனு. மனு ஏற்கப்பட்டதும் சமரச மையத்துக்கு அனுப்பச் சம்மதம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. டாக்ஸியும் டிக்கெட்டும் ஐயாயிரமும் தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். 40 நிமிடத்தைத் தாண்டிய நாட்கள் இருபதுக்கு மேல் என்றால் ஐயாயிரத்தையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். சமரசக் குறிப்பில் பணம் தரும் தேதியும், தவறினால் எத்தனை சதவீத வட்டி என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.